இறங்காத அம்மை

அம்மை நோயைக் குறிக்கத் தமிழில் புழங்கும் சொற்களைச் சற்று நின்று கவனித்தால், அது ஒரு நோயாகவே பேசப்படவில்லை என்பது புலப்படும். அம்மை 'வார்க்கும்', அம்மை 'போடும்'. உடலில் எழுவது கொப்புளமல்ல, முத்து. வாசல்நிலையில் வேப்பிலை செருகப்பட்டதும் அந்த வீட்டின் நடைமுறைகள் மாறிவிடும். அடுப்படியில் தாளிக்கும் ஓசை கேட்காது. அக்கம்பக்கத்தார் படியேற மாட்டார்கள். முத்து இறங்கத் தொடங்கியபின் வேப்பிலையும் மஞ்சளும் இட்டு வெயிலில் காயவைத்த நீரைத் தலைக்கு ஊற்றுவார்கள். இடைவெளி விட்டு மூன்று தண்ணீர். மூன்றாம் தண்ணீரோடு, வந்தவள் விடைபெற்றுப் போய்விட்டாள் என்று பொருள். ஆடியில் கூழ் வார்ப்பதெல்லாம் அதற்குப் பிந்தைய நன்றிக்கடன்.

இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும், தனிமைப்படுத்துதலை அன்றே அறிந்திருந்த முன்னோர் அறிவியல் என்று மெச்சுவதும் நம்மிடையே வழக்கமாக நடப்பவை. இரண்டிலும் எனக்கு அக்கறை இல்லை. அந்தச் சடங்கின் அடியில் இருக்கும் அனுமானமே இங்கே முக்கியம்: வந்தவள் ஒருநாள் போய்விடுவாள். பெரியம்மையைப் பொறுத்தவரை இது எழுத்துக்கு எழுத்து உண்மை. வைசூரி கண்ட உடல் ஒன்று மடியும், அல்லது வைரஸை முற்றாகத் துடைத்துவிட்டு வடுவோடு எழும். ஆனால் 'விளையாட்டம்மை' என்று செல்லமாக நாம் அழைக்கும் சின்னம்மை போவதே இல்லை. மூன்று தண்ணீருக்குப் பிறகும் அது உடலுக்குள்ளேயே தங்குகிறது; நாற்பது ஐம்பது வருடம் காத்திருக்கிறது. இதை மருத்துவம் தெளிவாகச் சொல்வதற்கு 1965 வரை ஆனது. அப்படித் தங்கிவிடும் வைரஸ்கள் முதுமையில் நோயெதிர்ப்பு ஆற்றலையும் இதயத்தையும் என்ன செய்கின்றன என்ற கணக்கு இன்னும் முடியவில்லை.

இந்தக் கதையின் முதற்பாதி தண்டையார்பேட்டையில் நடந்தது.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. தொண்டியிலிருந்து வந்து இப்பகுதியில் வாழ்ந்த குணங்குடி மஸ்தான் சாகிபுவை மக்கள் 'தொண்டியார்' என்று அழைத்ததாகவும், அவர் பெயராலேயே தொண்டியார்பேட்டை உண்டாகிப் பின் தண்டையார்பேட்டையாக மருவியதாகவும் பரவலாகச் சொல்லப்படுகிறது. அழகான கதைதான். ஆனால் எழும்பூர், புரசைவாக்கம் ஆகியவற்றோடு இந்த ஊரையும் கிழக்கிந்தியக் கம்பெனி பெற்றுக்கொண்டது 1693-ல்; மஸ்தான் சாகிபு மறைந்ததோ 1838-ல். ஊர் அவருக்கு ஒரு நூற்றாண்டு மூத்தது. பாடல்களின் மீதுள்ள அன்பினால் மக்கள் ஊரையே அவருக்கு எழுதிவைத்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

துறைமுகத்தை ஒட்டிய உழைப்பாளர் குடியிருப்புகளும் சரக்கு ரயில் பாதைகளும் எண்ணெய்க் கிடங்குகளும் சூழ்ந்த இந்த ஊரில்தான் மாநகராட்சியின் தொற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. நெரிசலும் குடிநீரின் குறையும் உள்ள வடசென்னைக்கு அது அவசியமாகவும் இருந்தது, அச்சமூட்டும் இடமாகவும் இருந்தது. காலரா, தொண்டை அடைப்பான், தட்டம்மை என்று நகரம் தன் வீட்டுக்குள் வைத்துக்கொள்ள அஞ்சிய எல்லாம் இங்கே வந்து சேர்ந்தன. ஆனால் உலக மருத்துவ வரலாற்றில் இந்த மருத்துவமனைக்கு இடம் பெற்றுத்தந்தது பெரியம்மைதான்.

அறுபதுகளில் இங்கே பணியாற்றிய டாக்டர் ஏ.ஆர். ராவ், தன்னிடம் வந்த பெரியம்மை நோயாளிகளை ஒவ்வொருவராகப் பதிவு செய்தார். அம்மைப்பால் குத்திக்கொள்ளாதவர்கள் 3,544 பேர், குத்திக்கொண்டவர்கள் 3,398 பேர். ஆக, ஒரே மருத்துவமனையில் ஏறத்தாழ ஏழாயிரம் நோயாளிகள். பெரியம்மையைப் பற்றி இத்தனை பேரை ஒரே கண் பார்த்து எழுதிய பதிவு அரிது. அம்மைப்பால் குத்தாதவர்களில் நூற்றுக்கு 35 பேருக்கு மேல் இறந்தார்கள். குத்தியவர்களில் நூற்றுக்கு 6 பேர். 1972-ல் பம்பாயில் வெளியான அவருடைய 'ஸ்மால்பாக்ஸ்' என்ற நூலும், அதில் அவர் முத்துக்களின் தன்மையை வைத்துச் செய்த வகைப்பாடும் பின்னர் உலக சுகாதார நிறுவனத்தால் ஏற்றுக்கொள்ளப்பட்டன. இன்றும் பெரியம்மை பற்றிய எந்தப் பாடநூலைத் திறந்தாலும், அதில் உள்ள அட்டவணை தண்டையார்பேட்டைக் கட்டில்களிலிருந்து எழுதப்பட்டதாகவே இருக்கும். பல நூல்களில் 'மதராஸ்' என்ற சொல் மட்டும் ஓரமாக மிஞ்சியிருக்கிறது.

அந்த அட்டவணையில் நம் விஷயத்துக்கு நெருக்கமான ஒன்று உண்டு. தோலுக்குள்ளும் சவ்வுகளிலும் இரத்தம் கசியும் கொடிய வகைப் பெரியம்மை குழந்தைகளிடம் அரிது. அது பெரும்பாலும் வயது வந்தோரை, அதிலும் குறிப்பாகக் கருவுற்ற பெண்களைத் தாக்கியது. அந்த வகை கண்டவர்களில் கிட்டத்தட்ட யாரும் பிழைக்கவில்லை. வைரஸ் ஒன்றுதான், உடல்தான் வேறு. நோய் என்பது வைரஸ் செய்வது பாதி, அதற்கு உடல் சொல்லும் பதில் பாதி என்பதை ராவின் அட்டவணைகள் சத்தமில்லாமல் சொல்லின. ஏன் அப்படி என்று விளக்கும் நோயெதிர்ப்பியல் அப்போது குழந்தைப் பருவத்தில் இருந்தது.

மருந்துப் பரிசோதனைகளும் இங்கேதான் நடந்தன. லண்டன் வெல்கம் ஆய்வகத்தின் ஜான் பௌவர், லிவர்பூலின் ஆலன் டௌனி, அமெரிக்காவின் ஹென்றி கெம்ப் ஆகியோர் மதராஸ் மருத்துவர்களுடன் சேர்ந்து, நோயாளிகளுடன் ஒரே வீட்டில் இருந்தவர்களுக்கு மெத்திசசோன் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். 1963-ல் லான்செட் இதழில் முடிவு வெளியாயிற்று. மருந்து உண்ட 1,101 பேரில் 3 பேருக்கு மட்டுமே அம்மை கண்டது. உண்ணாத 1,126 பேரில் 78 பேருக்குக் கண்டது, 12 பேர் இறந்தார்கள். ஒரு வைரஸ் நோயை மாத்திரையால் தடுக்க முடியும் என்று மனிதர்களிடம் காட்டிய முதல் பெரிய சோதனை இது. பின்வந்த சோதனைகள் இந்த அளவு நம்பிக்கை தரவில்லை, தடுப்பூசியே போதும் என்ற நிலையும் வந்துவிட்டதால் மெத்திசசோன் மறக்கப்பட்டது. கெம்ப், பெற்றோரால் அடித்து வதைக்கப்படும் குழந்தைகளைப் பற்றி 1962-ல் எழுதிய கட்டுரைக்காக இன்று நினைவுகூரப்படுகிறார்; பௌவர் இக்கட்டுரையில் மறுபடி வருவார்.

1975 மே மாதத்தோடு இந்தியாவில் பெரியம்மை முடிந்தது. 1980-ல் உலகமே விடுதலை பெற்றதாக அறிவிக்கப்பட்டது. இது சாத்தியமானதற்குத் தடுப்பூசியும் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் கால்நடையும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அடிப்படையான உயிரியல் காரணம் வேறு: பெரியம்மை வைரஸுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. விலங்குகளில் அது வாழ்வதில்லை, பிழைத்தவர் உடலிலும் தங்குவதில்லை. சங்கிலியின் கடைசிக் கண்ணியைக் கண்டுபிடித்து அறுத்தால் போதும். பெரியது, கொடியது, தெய்வமாக அஞ்சப்பட்டது எதுவோ அதை ஒழிக்க முடிந்தது. சின்னதை முடியவில்லை.

*

ராவின் மருத்துவமனையில் ஒரு மருத்துவர் தினமும் தீர்க்கவேண்டியிருந்த முதற்கேள்வி, வந்திருப்பது பெரியம்மையா சின்னம்மையா என்பதே. உள்ளங்கையையும் உள்ளங்காலையும் பார்ப்பார்கள். அங்கே முத்து நிறைந்திருந்தால் பெரியது. மார்பிலும் முதுகிலும் செறிந்து, ஒன்று பழுத்தும் ஒன்று புதிதாக எழுந்தும் ஒன்று காய்ந்தும் இருந்தால் சின்னது. சின்னது என்றால் பெருமூச்சு விட்டு வீட்டுக்கு அனுப்பலாம். வெப்ப நாடுகளில் சின்னம்மை குழந்தைப் பருவத்தோடு முடிந்துவிடாமல் இளைஞரையும் நடுவயதினரையும் தாக்குவதால், இந்தக் குழப்பம் இங்கே கூடுதலாக இருந்தது.

அதே காலத்தில், இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரில் எட்கர் ஹோப்-சிம்ப்சன் என்ற பொது மருத்துவர் வேறொரு கணக்கை எழுதிக்கொண்டிருந்தார். அவரிடம் ஆராய்ச்சிக்கூடம் என்று பெரிதாக ஏதுமில்லை, தன் பொறுப்பில் இருந்த சுமார் 3,500 மக்களும் நோயேடும் மட்டுமே. பதினாறு ஆண்டுகளில் அவர்களுக்கு வந்த அக்கி நோயை ஒன்றுவிடாமல் குறித்தார். மொத்தம் 192.

அக்கி நமக்குத் தெரியாத நோயல்ல. விலாவிலோ நெற்றியிலோ ஒருபுறம் மட்டும் பட்டையாக எரிச்சலோடு கொப்புளங்கள் எழும். நடுக்கோட்டைத் தாண்டி மறுபுறம் போகாது. நம் ஊர்களில் அதற்கு மருத்துவர் குயவர்தான். காவி மண்ணைக் குழைத்துக் கொப்புளங்களின்மேல் எழுதுவார்கள். 'அக்கி எழுதுதல்' என்று தமிழகராதியிலேயே இடம்பெற்றுவிட்ட வழக்கம். நோயை மருந்திட்டுத் தீர்க்காமல் எழுத்தால் கட்டுவது என்ற அந்தக் கற்பனை எனக்குப் பிடித்தமானது. காவியால் பெரிய தீங்கும் இல்லை. ஆனால் எழுதுவதற்காக அலையும் அந்த மூன்று நாட்கள்தான் வைரஸ் மருந்து நன்கு வேலைசெய்யும் நாட்கள். அவை கைநழுவினால் சிலருக்கு அந்த எரிச்சல் மாதக்கணக்கில், ஏன் வருடக்கணக்கில்கூட, நரம்புவலியாகத் தங்கிவிடுகிறது.

அக்கி கண்ட வீட்டில் குழந்தைகளுக்குச் சின்னம்மை வருவதை 1892-லேயே புடாபெஸ்டின் யானோஷ் போக்காய் கவனித்திருந்தார். 1950-களில் தாமஸ் வெல்லர் இரண்டு நோயின் கொப்புள நீரிலிருந்தும் ஒரே வைரஸை வளர்த்துக் காட்டினார். ஹோப்-சிம்ப்சன் செய்தது, இதை வயதோடு இணைத்தது. அவர் ஏட்டில் அக்கிக்குப் பருவகாலம் இல்லை; ஊரில் சின்னம்மை பரவுவதற்கும் அக்கி வருவதற்கும் தொடர்பில்லை. வயது ஏற ஏற மட்டும் அது ஏறிக்கொண்டே போயிற்று. எண்பத்தைந்து வயதுவரை வாழ்பவர்களில் பாதிப்பேர் ஒருமுறையாவது அக்கியைக் காண்பார்கள் என்று அவர் கணித்தார். ஷெட்லாந்துத் தீவுக்கூட்டத்தின் யெல் தீவுக்கும் போய், வெளியுலகத் தொடர்பு குறைந்த அந்த மக்களிடமும் இதையே விசாரித்தார்.

1965-ல் அவர் முன்வைத்த விளக்கம் இது. குழந்தைப் பருவச் சின்னம்மை முடிந்தபின் வைரஸ் தோல் நரம்புகளின் வழியே பின்னோக்கிச் சென்று, முதுகுத்தண்டின் ஓரமுள்ள நரம்பு முடிச்சுகளில் உறங்குகிறது. அவ்வப்போது அது கண்விழிக்கப் பார்க்கும். நோயெதிர்ப்பு மண்டலம் தட்டி உறங்கவைக்கும். காவல் தளரும் வயதில் ஒருநாள் அது நரம்பின் வழியே வெளியே வரும். நோயெதிர்ப்பின் முதுமை என்று இன்று நாம் பேசும் கருத்து ஒரு கிராம மருத்துவரின் ஏட்டில் இவ்வளவு தெளிவாக இருந்தது என்பது வியப்புக்குரியது. 1984-ல் ஒரே நோயாளியின் சின்னம்மை வைரஸும் பின்வந்த அக்கி வைரஸும் மரபணுவில் ஒன்றே என்று அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டியபோது அவர் கூற்று உறுதிப்பட்டது.

இதன் உட்பொருளை யோசித்தால் சற்றுத் திகைப்பாக இருக்கும். ஒரு தீவில் சின்னம்மை முற்றாக மறைந்து ஐம்பது வருடம் ஆனாலும், ஏதோ ஒரு தாத்தாவின் விலாவில் எழும் அக்கியிலிருந்து பேரனுக்கு மறுபடி அம்மை வார்க்கலாம். இந்த வைரஸின் சேமிப்புக் கிடங்கு முதியோர்களே. வந்தவள் வீட்டைவிட்டுப் போகவில்லை. கொல்லைப்புற அறைக்கு மாறியிருக்கிறாள், அவ்வளவுதான்.

இனி பௌவர். மதராஸ் சோதனைக்குப்பின் அவர் வெல்கம் ஆய்வகத்தில் வைரஸ் மருந்துகளைத் தேடுவதைத் தொடர்ந்தார். 1968-ல் அதே நிறுவனத்தின் அமெரிக்கக் கிளையில் பணிபுரிந்த கெர்ட்ரூட் எலியன், தன் குழு உருவாக்கிய ஒரு சேர்மத்தை வைரஸ்களின்மேல் சோதிக்க அனுப்பியது இவரிடம்தான். ஹெர்பெஸ் குடும்ப வைரஸ்களின்மேல் அது வேலைசெய்தது. அந்தத் தடத்தில் சில வருடங்களில் கிடைத்ததுதான் அசைக்ளோவிர். இன்று அக்கிக்கு எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்கும் மாத்திரை. எலியனுக்கு 1988-ல் நோபல் பரிசு கிடைத்தது. எய்ட்ஸுக்கு முதல் மருந்தாக 1987-ல் அனுமதி பெற்ற ஏ.இசட்.டி.யும் அதே நிறுவனத்திலிருந்தே வந்தது. மெத்திசசோன் தோற்றாலும், வைரஸை மருந்தால் வெல்லலாம் என்ற நம்பிக்கைக்கு வடசென்னைக் குடும்பங்கள் ஏதோ ஒரு விதத்தில் பங்களித்திருக்கிறார்கள்.

*

காவல் ஏன் தளர்கிறது? நெஞ்செலும்பின் பின்னே இருக்கும் தைமஸ் சுரப்பி, புதிய டி செல்களைப் பயிற்றுவித்து அனுப்பும் பள்ளிக்கூடம். பருவ வயதிலிருந்தே அது சுருங்கத் தொடங்கிவிடுகிறது; அறுபதில் பெரும்பாலும் கொழுப்பாகி நிற்கும். பழைய செல்களே பெருகிப் பெருகி இடத்தை நிரப்பவேண்டும். அந்த இடத்துக்குப் பெரும் போட்டியாளர் சைட்டோமெகலோ என்ற இன்னொரு ஹெர்பெஸ் வைரஸ். நம் நாட்டில் வயது வந்தோரில் மிகப் பெரும்பாலோரின் உடலில் அது இருக்கிறது. தாய்ப்பாலோடும் எச்சிலோடும் குழந்தையிலேயே வந்துவிடுகிறது, பெரும்பாலும் ஒரு காய்ச்சலாகக்கூடத் தெரிவதில்லை. ஆனால் அதை அடக்கிவைக்க உடல் வாழ்நாள் முழுவதும் செலவிடுகிறது. அதைச் சுமப்பவர்களின் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸைக் காவல் காக்கவே ஒதுங்கிவிடுகிறது என்று 2005-ல் ஓர் அமெரிக்க ஆய்வு காட்டியது. ஒரு சிற்றூரின் போலீசாரில் பெரும்பகுதி ஒரே ரௌடியின் வாசலில் நிற்பதைப் போன்றது இது. ஸ்வீடனின் யோன்ஷோப்பிங் நகரில் எண்பதைத் தாண்டிய முதியோரைத் தொடர்ந்து கவனித்தபோது, இத்தகைய செல்கள் அளவுமீறிப் பெருகி, சி.டி.4, சி.டி.8 விகிதம் தலைகீழானவர்கள் மற்றவர்களைவிட விரைவில் இறந்தார்கள்.

இதயத்துக்கு வருவோம். இங்கே கதை கோழிகளிடமிருந்து தொடங்குகிறது. கோழிப்பண்ணைகளில் மாரெக் நோயை உண்டாக்குவதும் ஒரு ஹெர்பெஸ் வைரஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஃபாப்ரிகன்ட் குழுவினர் 1978-ல், அந்த வைரஸ் தொற்றிய கோழிகளுக்குக் கொழுப்பில்லாத் தீனி போட்டும் இரத்தக்குழாய்கள் தடித்து அடைவதைக் கண்டார்கள். தடுப்பூசி போட்ட கோழிகளுக்கு அது வரவில்லை. 1987-ல் ஹூஸ்டனில், புகழ்பெற்ற இதய அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கியும் சகாக்களும், இரத்தக்குழாய் அடைப்புக்காக அறுவைக்கு வந்தவர்களிடம் சைட்டோமெகலோ எதிர்ப்பொருள் அதிகமாக இருப்பதாக எழுதினார்கள். மாரடைப்பு தொற்றுநோயா என்ற பரபரப்புக் கேள்வி தொண்ணூறுகளில் இதழ்களை நிரப்பியது. சிலர் கிளமிடியா என்ற நுண்ணுயிரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினார்கள். 2005-ல், தலா நாலாயிரத்துக்கு மேற்பட்ட இதய நோயாளிகளுக்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாட்டிக் கொடுத்த இரண்டு பெரிய சோதனைகள் வெளிவந்தன. ஒரு பயனும் இல்லை. ஆரவாரம் அடங்கியது.

அந்தத் தோல்வி நல்லதற்கே என்று நினைக்கிறேன். கேள்வி அதன்பின்தான் கூர்மையாயிற்று. கிருமி இரத்தக்குழாய்க்குள் போய் அடைக்கிறதா என்று கேட்பதை விட்டு, கிருமியோடு நடக்கும் ஓயாத மல்லுக்கட்டு இரத்தக்குழாயை என்ன செய்கிறது என்று கேட்கத் தொடங்கினார்கள். இத்தாலியின் கிளாடியோ ஃபிரான்செஸ்கி 2000-ல் முதுமையையும் அழற்சியையும் ஒரே சொல்லாகக் கோத்தார்: வயதான உடலில் அணையாமல் கனன்றுகொண்டே இருக்கும் மெல்லிய அழற்சி. 2017-ல் வெளியான ஒரு சோதனையில், கொழுப்பைத் தொடாமல் அழற்சியின் ஒரு கண்ணியை மட்டும் தடுக்கும் ஊசியை, மாரடைப்பு கண்ட பத்தாயிரம் பேரிடம் பார்த்தார்கள். இதய நிகழ்வுகள் நூற்றுக்குப் பதினைந்து குறைந்தன. கூடவே, தொற்றால் இறப்பவர்கள் சற்றுக் கூடினார்கள். காவலைத் தளர்த்தினால் கலவரம் குறைகிறது, திருட்டு கூடுகிறது.

அக்கியைப் பொறுத்தவரை சான்று இதைவிட நேரடியானது. அமெரிக்க முதியோரின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2015-ல் வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வொருவரையும் அவரோடேயே ஒப்பிட்டார்கள். அக்கி கண்ட முதல் வாரத்தில், அதே மனிதரின் மற்றக் காலத்தைவிடப் பக்கவாதம் 2.4 மடங்கும் மாரடைப்பு 1.7 மடங்கும் கூடுதலாக இருந்தன. மெல்லத் தணிந்து சில மாதங்களில் பழைய நிலைக்கு வந்தன. ஒருவரையே அவரோடு ஒப்பிடுவதால், புகைப்பவர், சர்க்கரைக்காரர் என்ற வேறுபாடுகளால் வரும் குழப்பம் பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. நெற்றியிலும் கண்ணிலும் வரும் அக்கியில் வைரஸ் நரம்பு வழியே மூளைத் தமனிகளின் சுவருக்கே போய்ச் சேர்வதையும் கண்டிருக்கிறார்கள்.

*

ஆனால் இந்தக் கோட்பாடு முழுதும் ஒரே உடலில் நடந்துகாட்டப்பட்டது எச்.ஐ.வி.யில்தான். அதன் இந்திய வரலாறும் சென்னையில் தொடங்குகிறது. சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி செல்லப்பன் நிர்மலாவும் 1986-ல் திரட்டிய இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் ஜேக்கப் ஜானின் ஆய்வகத்தில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகள் தொற்றைக் காட்டின. சட்டமன்றத்தில் அன்றைய சுகாதார அமைச்சர் டாக்டர் எச்.வி. ஹண்டே அதை அறிவித்தார். அதன்பின் நகரத்தின் பயம், சௌரி முத்து 1928-ல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய தாம்பரம் சானடோரியத்துக்கு இடம்பெயர்ந்தது. வடக்கே தண்டையார்பேட்டை அம்மைக்கும் காலராவுக்கும் எதுவாக இருந்ததோ, தெற்கே தாம்பரம் எய்ட்ஸுக்கு அதுவாயிற்று. இளவயதில் அக்கி வந்தால் எச்.ஐ.வி. சோதனை செய்துபார் என்பது அன்று மருத்துவர்களின் பாலபாடம். முதியவருக்கு வரவேண்டியது முப்பது வயதுக்காரருக்கு வருகிறது என்றால், அவர் காவல் முன்கூட்டியே முதுமையடைந்துவிட்டது என்று பொருள்.

2004 ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு இலவசமாகக் கூட்டு மருந்து தரத் தொடங்கியது. முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மருத்துவமனைகளில் தாம்பரமும் ஒன்று. மரணப் படுக்கையில் இருந்தவர்கள் எழுந்து வேலைக்குப் போனார்கள். அந்தத் தலைமுறைதான் இன்று ஐம்பதையும் அறுபதையும் தொட்டிருக்கிறது. இந்தியாவில் இத்தொற்றோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 25 லட்சம் பேர். எய்ட்ஸால் இறப்பது குறைய, இவர்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது கவனத்துக்கு வந்தது.

முதலில் பழி மருந்துகளின்மேல் விழுந்தது. ஆரம்பகால மருந்துகள் சில கொழுப்பை ஏற்றின என்பது உண்மையே. மருந்தின் நச்சைக் குறைக்க, எதிர்ப்பணுக்கள் போதுமான அளவு இருக்கும்போது மருந்தை நிறுத்தி, குறைந்தால் தொடரலாமே என்று 33 நாடுகளில் 5,472 பேரிடம் சோதித்தார்கள். 2006-ல் வந்த முடிவு எதிர்பார்ப்பைக் கவிழ்த்தது. விட்டுவிட்டு உண்டவர்களே அதிகம் இறந்தார்கள். எய்ட்ஸால் மட்டுமல்ல, இதயத்தாலும் சிறுநீரகத்தாலும் ஈரலாலும். இதயத்துக்கு மருந்தைவிட வைரஸே பெரிய பகை. மருந்து முறையாக உண்டு இரத்தத்தில் வைரஸ் தென்படாதவர்களிடமும் கனல் முற்றாக அணைவதில்லை. தொற்றின் தொடக்க நாட்களிலேயே குடற்சுவரின் காவல் அழிந்து, அதன்வழி கசியும் நுண்ணுயிர்த் துணுக்குகள் ஒரு காரணம். ஏற்கெனவே குடியிருக்கும் சைட்டோமெகலோ இன்னொரு காரணம். ஸ்வீடன் முதியோரிடம் கண்ட அதே தலைகீழ் விகிதம் இவர்களிடம் நடுவயதிலேயே இருக்கிறது.

இதற்கு என்ன செய்வது என்பதற்குக் கிடைத்த உறுதியான பதில் 2023-ல் வந்தது. இந்தியா உட்பட 12 நாடுகளில், எச்.ஐ.வி.யோடு வாழும் 40 முதல் 75 வயதுவரையிலான 7,769 பேர். வழக்கமான கணக்கின்படி மாரடைப்பு அபாயம் குறைவு என்று சொல்லி மருத்துவர் அனுப்பிவிடக்கூடியவர்கள். பாதிப்பேருக்குத் தினம் ஒரு பிட்டாவாஸ்டாட்டின் மாத்திரை. இதய நிகழ்வுகள் நூற்றுக்கு 35 குறைந்ததால், சோதனையைக் குறித்த காலத்துக்கு முன்பே நிறுத்திவிட்டார்கள். இங்கே கவனிக்கவேண்டியது, எண்ணிக்கையைவிட அந்தக் 'குறைவான அபாயம்' என்ற சொல். வயது, புகை, சர்க்கரை, கொழுப்பு என்று கூட்டிப் போடும் அட்டவணைகளில் வைரஸுக்குக் கட்டமே கிடையாது.

எச்.ஐ.வி.யில் உறுதியாயிற்று என்பதற்காக மற்றவற்றுக்கும் அப்படியே நீட்டிவிட முடியாது. சைட்டோமெகலோவைச் சுமக்காதவர்களே நம்மிடையே அரிது. எல்லாரிடமும் இருக்கும் ஒன்றைக் காரணமாகக் காட்டுவது எளிதல்ல. அக்கித் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களுக்கு இதய நோய் நூற்றுக்கு 23 குறைவு என்று கொரியாவில் பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களின் பதிவுகளிலிருந்து 2025-ல் ஓர் ஆய்வு வந்தது. ஊசி போட்டுக்கொள்ளத் தேடிப்போகிறவர்கள் பொதுவாகவே உடலைப் பேணுகிறவர்கள் என்ற ஐயம் அதில் மிஞ்சி நிற்கிறது. தண்டையார்பேட்டையிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் புகையை மூச்சிழுத்து முதுமையடைந்தவரின் நெஞ்சுவலியில் வைரஸின் பங்கு இவ்வளவு என்று பிரித்துச் சொல்ல யாராலும் இயலாது. அந்த அடுப்பில் அது ஒரு விறகு.

என்றாலும் இந்த ஒரு விறகை உருவ முடியும். ஐம்பது வயதைக் கடந்தோருக்கான புதிய அக்கித் தடுப்பூசி 2023 முதல் இந்தியாவில் கிடைக்கிறது, இரண்டு தவணை. அரசின் தடுப்பூசித் திட்டத்தில் அது இல்லை, குழந்தைகளுக்கான சின்னம்மைத் தடுப்பூசியும் இல்லை. இரண்டையும் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ளவேண்டும். அறுபதுகளில், உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்து 'சின்னதுதான், பயமில்லை' என்று ராவின் வார்டிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கு இப்போது அறுபதும் எழுபதும் ஆகிறது.